கனியக்கா நின்ற இடம்

இதைச் சொல்லப் புகுந்தால் இடதையும் வலதையும் மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் சண்முகக்கனியின் பயம். மாற்றிச் சொன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் எழுந்து போனார்கள் என்பதே தலைகீழாகிவிடும், ஒன்றும் அறியாத ஒரு மனுஷி மேல் பழி விழும், அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன் என்று நினைத்து நினைத்தே அவள் இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்க்கும்போதுகூட, சோறு உண்கிற கை வலது கை, என்று ஒருதரம் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திப் பீடித்தட்டை மடியில் வாங்கிக்கொண்டவள். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருகிறவள். திரும்பி வந்து பார்த்துவிட்டு, பூட்டைப் பூட்டினோமா என்று மறுபடியும் திரும்புகிறவள். ஆகவே அவள் சொல்லப் பயந்ததை, அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்கிற வரிசையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மாதா கோயிலும் அம்மன் கோயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற ஆலங்கிணறு என்ற ஊரில், பஜாரின் வளைவில் பிரபா ஸ்டுடியோ இருந்தது. அதை நடத்தியவர் இறந்த பிறகு அவர் மகள் ஜெசிந்தா கடையைத் திறந்து பார்த்தாள். அலமாரி நிறைய பிஸ்கட் டின்கள், டின்கள் நிறைய நெகட்டிவ் சுருள்கள், சுருள்கள் நிறைய ஊர்க்காரர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எல்லோரும் வெள்ளை முடியும் கறுப்புப் பல்லுமாக, ஆனால் நின்ற இடத்தில் நின்றபடி, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தார்கள். ஜெசிந்தா மதுரைக்குப் போய் ஒரு ஸ்கேனர் மெஷின் வாங்கி வந்தாள். பழைய கல்யாணப் படம், காதுகுத்துப் படம், பால் காய்ச்சின படம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் படமாக்கித் தருகிறோம், செல்லில் வைத்துக்கொள்ளலாம், பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வைத்தாள். கூடமாட வேலைக்குக் கனியைக் கூப்பிட்டாள்.

கனியின் வேலை தூசி எடுப்பது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பிலிம் துண்டை ஓரத்தில் பிடித்து, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்து, எந்தப் பக்கம் பளபளப்பு, எந்தப் பக்கம் மங்கல் என்று சாய்த்துப் பார்த்து, பளபளப்பு கீழே கண்ணாடியைப் பார்க்கும்படி சட்டத்தில் வைத்து மூட வேண்டும். மூடினால் மெஷினுக்குள் ஒரு வெளிச்சம், வயலுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போகிறவன் மாதிரி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்ல நடந்து போகும். அது நடந்து முடிந்ததும் திரையில் படம் விழும்.

முதலில் விழுந்தது பள்ளிக்கூடத்தின் பத்தாம் வகுப்புப் படம். நெகட்டிவில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர், திரையில், கடைசி வரிசையில் பையன்களோடு பெஞ்சு மேல் ஏறி நின்று ஒருவன் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார். அவர் நாற்காலி காலியாக இருந்தது. கணக்கு வாத்தியாரும் சயின்ஸ் டீச்சரும் இரண்டு ஓரங்களிலிருந்தும் நகர்ந்து வந்து பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

"அக்கா, வேற படம் வச்சுட்டீங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"இல்ல பாப்பா, இதுதான். நீயே தூக்கிப் பாரு" என்றாள் கனி. தன் கை பட்டுத்தான் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

கெட்டுப்போகவில்லை. அடுத்த படமும் அப்படியே வந்தது, அதற்கடுத்ததும். அந்த மெஷினில் வைத்த நெகட்டிவில் இருந்தவர்கள், படம் எடுத்த அன்று எங்கே நிற்க ஆசைப்பட்டார்களோ அங்கே போய் நின்றார்கள். புதுமனை புகுவிழாப் படம் ஒன்றில், ஒரு வாய்த் தண்ணீர்கூட மாற்றிக் குடிக்காமல் வாழ்நாள் முழுக்கச் சண்டையிட்ட மாமியாரும் மருமகளும் கைகோத்து நின்றார்கள். நடுவில் நின்ற மகன் தூண் ஓரத்துக்குப் போயிருந்தான். இன்னொன்றில் குடும்பத் தலைவர் தொழுவத்தில் செவலைப் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். தனியாக எடுத்த படங்கள் சிலவற்றில் ஆளே இல்லை. பின்னால் தொங்கிய பனிமலைத் திரை மட்டும் காற்றில் லேசாக உப்பியிருந்தது.

ஊர் முதலில் கோபப்பட்டது. படம் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, கம்ப்யூட்டரில் என்ன தில்லுமுல்லு வேணுமானாலும் செய்யலாம் என்று எங்களுக்குத் தெரியாதா என்று கத்தினார்கள். ஜெசிந்தா அவர்களையே உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே பிலிமை வைக்கச் சொன்னாள். வைத்தவர்கள் குனிந்து திரையைப் பார்த்தார்கள். அப்புறம் "எங்கப்பாதான்" என்றோ "அவ அப்படித்தான்" என்றோ சொல்லிவிட்டுப் போனார்கள். கோபம் கொஞ்ச காலத்தில் தேய்ந்து, ஊர் அதற்கு ஒரு நடைமுறையைக் கண்டுபிடித்தது. அவரவர் படத்தை அவரவர்தான் முதலில் பார்க்க வேண்டும். இறந்தவர்கள் உள்ள படத்தை உறையில் போட்டு ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒன்றாகப் பார்க்கிறதானால் சாப்பிட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பங்காளிச் சண்டைக்காரர்கள் படத்தைச் சாட்சியாகக் கொண்டுபோனால் கிராம அதிகாரி அதைத் தொடமாட்டார். அம்மன் கோயில் பூசாரி, மனுஷன் ஆசைப்பட்ட இடத்தில் நிற்பது தெய்வக் குற்றம் ஆகாது என்று சொல்லிவிட்டார். மாதா கோயில் பாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், எல்லோரும் நிற்க ஆசைப்பட்ட இடத்தில் நிற்கிற நாள் ஒன்று வரும், அதுவரைக்கும் அவரவர் தட்டில் உள்ள சோற்றைச் சாப்பிடுங்கள் என்றார். ஊர் அதைக் கேட்டுச் சிரித்தது.

ஆனாலும் சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. பேரூராட்சித் தலைவரின் மனைவி தன் கல்யாண நெகட்டிவைக் கொண்டுவந்து, கனியின் பிடரிக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றாள். "பாத்து வையி, கீறிராத. ஒரே படந்தான் இருக்கு. பாத்து, பாத்து" என்று அவள் சொல்லச் சொல்ல, கனி தடுமாறி, பளபளப்பு மேலேயும் மங்கல் கீழேயுமாக வைத்து மூடிவிட்டாள். திரையில் படம் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாகத் திரும்பி விழுந்தது. பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்தது, மாப்பிள்ளையின் கடிகாரம் வலது மணிக்கட்டில் இருந்தது, பின்னால் கட்டிய பேனரில் எழுத்தெல்லாம் மறுபக்கம் பார்த்தது. ஆனால் ஒருவர்கூட இடத்தை விட்டு அசையவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் பெண், பெண் பக்கத்தில் தோழி, அவரவர் அவரவர் நாற்காலியில்.

"ஐயையோ, தப்பா வச்சுட்டேன் மதினி. திருப்பி வைக்கேன்" என்றாள் கனி.

"திருப்பாத" என்றாள் தலைவர் மனைவி. முகம் தெளிந்திருந்தது. "எனக்கு இது போதும்."

அன்றிலிருந்து ஸ்டுடியோவில் இரண்டு விதமாகப் படம் கிடைத்தது. வருகிறவர்களிடம் கனிதான் கேட்பாள், நேர்ப்படமா, திருப்புப்படமா என்று. மனசில் உள்ளது தெரிய வேண்டும் என்றால் நேர்ப்படம். இருந்தது இருந்தபடி போதும் என்றால் திருப்புப்படம். பெரும்பாலோர் திருப்புப்படமே கேட்டார்கள். வீட்டுக்கு வீடு கூடத்தில் வலது தோளில் முந்தானை போட்ட மணப்பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட யாருக்கும் அவசியமில்லை, எல்லோர் வீட்டிலும் அதுதான் என்பதால். கொஞ்ச காலத்தில் கல்யாணப் பெண்களே அப்படிக் கட்ட ஆரம்பித்தார்கள். கேட்டால், எங்கம்மா படத்தில் அப்படித்தானே இருக்கு என்றார்கள். டெய்லர்கள் அதற்கேற்ப ஜாக்கெட் தைத்தார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் பஜாரில் சுற்றி வந்தது. திருப்புப்படத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கி மறுபடி நேராக்கிவிட்டால் அதுவும் நேர்ப்படம் மாதிரியே இருக்குமே, அப்புறம் எது எது என்று எப்படித் தெரியும்? ஜெசிந்தா ஒருநாள் மாதா கோயிலுக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் உள்ள வேப்பமரத்தடியில் நின்று, ஒரு கையை மெழுகுவத்தி மேலேயும் ஒரு கையைக் கற்பூரத் தட்டு மேலேயும் காட்டி, என் கடையில் அந்தப் பொத்தானை யாரும் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தாள். கனி அவள் பின்னால் நின்று கை குவித்தாள். கடைக்குத் திரும்பியதும் ஜெசிந்தா திரையில் விரல் வைத்து, "அக்கா, இந்தா, இதுதான் அந்தப் பொத்தான். மறந்தும் இதத் தொட்டுராதீங்க" என்று காட்டிக் கொடுத்தாள். அதுவரை அது எங்கே இருக்கிறது என்று கனிக்குத் தெரியாது.

இவ்வளவும் நடக்கும்போது கனியின் சொந்தக் கல்யாண நெகட்டிவ் மேல்தட்டில் ஒரு டின்னுக்குள் கிடந்தது. அவள் தினமும் அந்தத் தட்டைத் துடைப்பாள், டின்னைத் திறக்கமாட்டாள்.

காரணம் இதுதான். அவள் கணவன் ஆவுடையப்பன், கரண்டு ஆபீசில் லைன்மேன், கனியின் அம்மா வீட்டுக்கு முதலில் பெண் பார்க்க வந்தது கனியை அல்ல, அவள் அக்கா பூரணத்தை. ஜாதகம் பொருந்தவில்லை என்று பேச்சு நின்று, சின்னவள் ஜாதகத்தைக் கொடுங்கள் பார்ப்போம் என்று திரும்பி, பொருந்தி, முடிந்தது. பூரணத்துக்கு அடுத்த வருஷம் உள்ளூரிலேயே மாப்பிள்ளை அமைந்து, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். ஒரு தப்பும் யாரும் செய்ததில்லை. ஆனால் அன்று பூரணம் காப்பித் தட்டோடு வந்து நின்றபோது இந்த மனுஷன் முகம் எப்படி இருந்தது என்று கனி கதவிடுக்கில் பார்த்தவள். அதற்குப் பிறகு குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, அந்த மனுஷன் கம்பத்திலிருந்து விழுந்தபோது சட்டியும் பாயுமாக ஆஸ்பத்திரியில் கிடந்து, எல்லாம் ஆகியும், அந்தக் கதவிடுக்கு அவளுக்குள் மூடவே இல்லை. கல்யாணப் படத்தில் பூரணமும் இருக்கிறாள், இரண்டு நாற்காலிக்கும் நடுவில், பின்னால். நேர்ப்படம் போட்டால் இவர் எழுந்து எங்கே போய் நிற்பார் என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தினமும் கறிவேப்பிலை கேட்டு வருகிற அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

இப்படியே இருந்திருப்பாள். மகள் இசைவாணிக்குச் சுரண்டையில் சம்பந்தம் பேசினார்கள். நல்ல இடம், பையன் தங்கமான குணம். எல்லாம் பேசி முடித்து வெற்றிலை மடிக்கும்போது சம்பந்தியம்மா வாயைத் திறந்தாள்.

"பூ வைக்கிற அன்னைக்கு உங்க கல்யாண நேர்ப்படத்தக் கூடத்துல வச்சிருங்க. பெத்தவங்க படத்தப் பாத்துட்டுப் பூ வைக்கது இப்ப எங்க பக்கத்துல பழக்கமாயிட்டு."

"நேர்ப்படமா" என்றாள் கனி.

"பின்ன? எங்க வீட்டுலயும் அதான் மாட்டிருக்கு. எங்க வீட்டுக்காரரு என்னிய விட்டுட்டுப் பந்தியில போயி எல முன்னால நிக்காரு. நிக்கட்டும். சாப்பாட்டு ராமன்னு தெரிஞ்சுதான கழுத்த நீட்டுனேன். எங்க நின்னாலும் தப்பில்லம்மா, மறைக்கதுதான் தப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி வாய்க்குள் வெற்றிலையைத் தள்ளிக்கொண்டு, "அன்னைக்கு அவியல் அப்படி" என்றார். கனியும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் கணவனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "திருப்புப்படம் ஒண்ணு எடுத்து வச்சுருவமா. பாக்க லட்சணமா இருக்கும்."

"அவங்க நேர்ப்படம்னுதான கேட்டாங்க."

"கேட்டா?"

"நேராவே போடுட்டி. நமக்கு என்ன பயம்?" என்றார் ஆவுடையப்பன். சொல்லிவிட்டுத் தோசையைப் பிய்க்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கனி அதைக் கவனித்தாள்.

மறுநாள் பூரணம் வெங்காயம் உரிக்க உதவிக்கு வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏட்டி, படம் போட்டா நான் எங்க நிக்கேன்னு பாத்துச் சொல்லு என்ன. எனக்கு அன்னைக்குக் கூட்டு தீந்துபோச்சுன்னு பந்தியப் பத்தித்தான் நெனப்பு. பேருக்குத்தான் போட்டோவுக்கு வந்து நின்னேன்" என்றாள். வெங்காயத்துக்கு வந்த கண்ணீரா வேறா என்று கனி அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஜெசிந்தா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன ஒரு நேரத்தில், கனி கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, டின்னை இறக்கினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கையுறை மாட்டி, துண்டை எடுத்துக் காற்றடித்தாள். அதே துண்டில் பக்கத்துக் கட்டத்தில் செத்துப்போன அவள் அம்மா, வெள்ளைத் தலையும் கறுப்புப் பல்லுமாக, யாருக்கோ சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பளபளப்பு கீழே. சோறு உண்கிற கை வலது கை. மூடினாள். வெளிச்சம் நடக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, இசக்கியம்மா, எங்கக்கா மேல எனக்கு எரிச்சல் வந்துறக் கூடாது, என்று மட்டும் வேண்டினாள்.

கண்ணைத் திறந்து முதலில் தேடியது பூரணத்தைத்தான். பூரணம் நாற்காலிக்குப் பின்னால் இல்லை. பந்தி நடக்கிற வாசலில், கையில் கூட்டுவாளியோடு, யார் இலையையோ எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. அடுத்து மாப்பிள்ளை நாற்காலி. ஆவுடையப்பன் அதில்தான் இருந்தார். பட்டு வேட்டியும், மையால் இழுத்த மீசையும், கழுத்தில் மாலையுமாக, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி.

கனி வாய்விட்டுச் சிரித்தாள். கடையில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழவும் செய்தாள். இத்தனை வருஷம் ஒரு கதவிடுக்கைக் காவல் காத்ததை நினைத்து, இந்த மனுஷனுக்கு இன்றைக்குக் கருவாடு வாங்கிக் குழம்பு வைக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்புறம்தான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

சிவப்பு வெல்வெட்டு நாற்காலி. அதில் யாரும் இல்லை.

ஆவுடையப்பனின் கை அந்தக் காலி நாற்காலியின் கைப்பிடி மேல் இருந்தது. பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்துக்கொண்டு, ஆள் வருதுங்க, ஆள் வருதுங்க என்று எல்லோரிடமும் சொல்கிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

கனி தன்னைத் தேடினாள். அம்மா பக்கத்தில் இல்லை, சிநேகிதிகள் பக்கத்தில் இல்லை, பந்தியில் இல்லை. கடைசியில், சோறு உண்கிற கைக்கு எதிர்க் கைப்பக்கம், படத்தின் ஓரத்தில், மண்டப வாசல் நிலையை ஒட்டி நின்றாள். மாலையும் கழுத்துமாக, வெளியே பார்த்துக்கொண்டு. பாதி முகம்தான் தெரிந்தது. வெளியே ஒருவரும் இல்லை. வெயிலும், சுவரில் சாய்த்து வைத்த யாருடையதோ ஒரு சைக்கிளும் இருந்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. யாரோடும் நிற்கவில்லை. சும்மா வாசலில் நின்றாள்.

அன்று என்ன நினைத்தோம் என்று கனி யோசித்துப் பார்த்தாள். மாலை கனத்தது, கழுத்து அரித்தது, ஹோமப் புகை கண்ணைக் கரித்தது, கால் மரத்துப்போயிருந்தது. எங்கேயாவது போய்விட வேண்டும் என்று நினைத்த ஞாபகம் இல்லை. போக ஒரு இடமும் இருந்ததில்லை. காற்றுக்குத்தான் நின்றிருப்பேனோ என்று ஒருதரம் நினைத்தாள். இல்லையோ என்று ஒருதரம் நினைத்தாள். அந்த மனுஷன் இடம் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெருவில் ஜெசிந்தாவின் ஸ்கூட்டி வருகிற மாதிரி சத்தம் கேட்டது. அவள் வண்டி இல்லை, பால் வண்டி. ஆனாலும் கனியின் கை தானாக எழுந்து, பிலிமை எடுத்து, பளபளப்பு மேலே வைத்து மூடியது. வெளிச்சம் நடந்து போனது. திரையில் அவள் நாற்காலிக்குத் திரும்பி வந்திருந்தாள், பூரணம் பின்னால் வந்து நின்றாள், முந்தானை வலது தோளில் கிடந்தது. கனி அந்தப் பொத்தானைப் பார்த்தாள். சத்தியம் செய்தது ஜெசிந்தாதானே, என்று சொல்லிக்கொண்டாள். கை குவித்தது யாரு, என்றும் கேட்டுக்கொண்டாள். அமுக்கினாள். முந்தானை இடது தோளுக்கு வந்தது, கடிகாரம் இடது கைக்கு வந்தது, எழுத்தெல்லாம் நேராக நின்றது. முதலில் வந்த படத்தை அழித்தாள். பிலிமைத் தீயில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். பக்கத்துக் கட்டத்தில் அம்மா சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். உறையில் போட்டு டின்னுக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

பூ வைக்கிற அன்று அந்தப் படம் கூடத்தில் இருந்தது. சுரண்டைக்காரர்கள் வந்ததும் முதல் வேலையாக முந்தானை எந்தத் தோள், கடிகாரம் எந்தக் கை என்று பார்த்தார்கள். பிறகு மெச்சினார்கள். புருஷனும் பொண்டாட்டியும் ஒரு நூல் அசையவில்லையே, இப்படி ஒரு நேர்ப்படம் நாங்கள் பார்த்ததில்லையே என்றார்கள். பூரணம் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்றாள்.

"நான் பந்தியில நிக்கலியே" என்றாள் மெதுவாக.

சம்பந்தியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "மூத்தவ மாப்பிள்ள நாற்காலிக்குப் பின்னாலயே நிக்கா. அசையணும்னு தோணல போலிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் முதலில் பெண் பார்த்த கதை அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. பூரணத்தின் கையில் தட்டு சாய்ந்து, ஒரு லட்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

ஒன்றும் அறியாத மனுஷி மேல் பழி விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது, இன்னும் தரையைத் தொடவில்லை என்று கனிக்குத் தோன்றியது.

"நல்லாப் பாருங்க மதினி" என்றாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "எங்கக்கா நிக்கது என் நாற்காலிக்குப் பின்னால. கை எங்க இருக்குன்னு பாருங்க, என் நாற்காலி மேல. என்னிய விட்டுட்டுப் பந்திக்குப் போவ மனசு வரல. இவ சும்மா கூட்டு, கூட்டுன்னு சொல்லுவா. கூட்டு இவளுக்கு வைக்கவே தெரியாது."

கை உண்மையாகவே அவள் நாற்காலி மேல்தான் இருந்தது. "அதான பாத்தேன்" என்றாள் சம்பந்தியம்மா. யாரோ லட்டை எடுத்தார்கள். பூரணம் தங்கையைப் பார்த்து, "ஏட்டி, எனக்கா கூட்டு வைக்கத் தெரியாது?" என்றாள். கண் நிறைந்திருந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. பூ வைத்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஆவுடையப்பன் படத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பயந்துக்கிட்டேதான் இருந்தேன்ட்டி" என்றார்.

"எதுக்கு?"

"ஒன்ன நெனச்சுத்தான். அன்னைக்கு நீ மூஞ்சியவே காட்டல. தாலி கட்டயில வாசலையே பாத்துக்கிட்டு இருந்த. இவ நம்ம பக்கத்துல இருக்கமாட்டான்னு நெனச்சேன்." அவர் விரலால் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்தார். "இருந்திருக்க."

"கிறுக்கா ஒங்களுக்கு" என்றாள் கனி. உள்ளே போய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மறுபடியும் பார்த்தாள்.

அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் கெட்டது. நெகட்டிவ் டின்னில் இருக்கிறது. என்றைக்காவது ஜெசிந்தா எடுத்துப் பார்ப்பாள். இசைவாணி, அம்மா, உன் கல்யாணப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தா என்று கேட்பாள். தான் செத்த பிறகு உறையில் ஒட்டி இந்த மனுஷன் கையில் கொடுப்பார்கள், அவர் தனியாக உட்கார்ந்து பிரிப்பார். அவர் அப்போது காலி நாற்காலியைப் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் அவருக்கு அது ஒன்றும் செய்யக் கூடாது. இதற்கு என்ன வழி என்று அடுப்படியில், பஸ்ஸில், தூசி ஊதுகிற நேரத்தில் எல்லாம் யோசித்தாள்.

இசைவாணியின் கல்யாணத்தன்று வழி கிடைத்தது. போட்டோக்காரர் குடும்பப் படத்துக்கு எல்லோரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். "அம்மா நடுவுல வாங்க, அப்பா பக்கத்துல" என்றார். கனி வரவில்லை. மண்டப வாசல் நிலையை ஒட்டிப் போய் நின்றுகொண்டாள்.

"அங்க ஏம்மா போறீங்க? இங்கதான் லைட்டு."

"எனக்குக் காத்து வேணும். எப்பவும் எனக்கு வாசல்லதான் நிக்கணும். அவரக் கேட்டுப் பாருங்க" என்றாள் கனி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. பிறகு கணவனைப் பார்த்துக் கையசைத்தாள். "நீங்களும் இங்க வாங்க."

ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அங்க என்னட்டி இருக்கு?"

"காத்து வருது. வாங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். உண்மையிலேயே காற்று வந்தது. "ஆமா" என்றார். பூரணம் வந்தாள், மகளும் மருமகனும் மாலையோடு வந்தார்கள், சுரண்டைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். போட்டோக்காரர் முணுமுணுத்தபடி லைட்டுக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார்.

அப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் கனி வாசலில்தான் நின்றாள், அவரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, எல்லாப் படத்திலும் வாசலும் அவளும் அவரும். கனியக்காவுக்குக் காற்று வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்துபோனது; போட்டோக்காரர்கள் அவளைக் கண்டால் கேட்காமலே ஒரு லைட்டை வாசல் பக்கம் திருப்பி வைத்தார்கள். இனி எந்த உறையை எந்த நாளில் யார் பிரித்தாலும், கூடத்துப் படம் பொய் என்று தெரிந்தாலும், அந்த மனுஷன், இவள் கல்யாணத்தன்றைக்கே இப்படித்தான், காற்றைத் தேடிப் போய் நின்றிருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கூப்பிட மறந்துவிட்டாள், இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன் என்று நினைத்துக்கொள்வார்.